ஆறு புள்ளிகளும் ஒரு கோடும்

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அமைந்துள்ள விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆயினும் இவ்வூர்களின் மேற்கு மலைகளில் பெய்யும் மழைநீர் வைப்பாற்றின் வழியே மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. மழை கடலுள் புகுந்து நீர் முகந்து எழுவதைத் திருப்பாவையில் பாடிய ஆண்டாளின் ஊருக்குக் கடல் அயலான பொருளும் அன்று. மேலும், எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத ஆழ்கடல் தரையை மனிதகுலத்தின் பொதுச் சொத்தென்று 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை அறிவிப்பதால், அச்சட்டத்தில் ராஜபாளையத்து நூற்பாலைத் தொழிலாளருக்கும் பங்கு உண்டு.

அந்த உடன்படிக்கையின் 320 பிரிவுகள் கடலைத் தொலைவால் வகுக்கின்றன: கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் முழு ஆட்சிக்கு உட்பட்ட கடல், 200 கடல் மைல் வரை, மீன், கனிமம் முதலிய வளங்கள் மீது மட்டும் உரிமை தரும் பொருளாதார மண்டலம், அதற்கு அப்பால் எவருக்கும் சொந்தமற்ற பெருங்கடல். ஆழத்தாலும் அது வகுக்கிறது. நீருக்கு ஒரு விதியும் நீரடித் தரைக்கு வேறொரு விதியும் உள்ள இடங்கள் உண்டு. பக்கம் பக்கமாக எழுதியும் விளங்காத இந்த அடுக்குகளை, கடலை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் ஒரே சித்திரம் விளக்கிவிடும்.

பாக் நீரிணை அந்தத் தொலைவுகளுக்கு இடமில்லாத குறுகிய கடல். 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தம், ஆறு புள்ளிகளை இணைத்து அங்கே ஓர் எல்லைக்கோட்டை வகுத்தது. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் சென்றது. இரு நாட்டுப் படகுகளும் வழிவழியாகப் பெற்றுவந்த உரிமைகள் தொடரும் என்று அதன் ஆறாம் பிரிவு கூறியது. ஆனால் 1976இல் பரிமாறப்பட்ட கடிதங்கள் ஒரு நாட்டு மீன்பிடிப் படகுகள் மறுநாட்டு நீரில் மீன்பிடிக்கலாகாது என்றன. ராமேஸ்வரத்து மீனவர் முதலாவதை நம்புகிறார். யாழ்ப்பாணத்து மீனவரோ, கடல் தரையைச் சுரண்டிச் செல்லும் விசைப்படகுகளின் இழுவைமடியால் தம் வலைகள் அறுபடுவதைக் காண்கிறார். 2017இல் இலங்கை அம்முறையைச் சட்டத்தால் தடைசெய்தது.

இவ்விரு நியாயங்களையும் ஒரே பக்கத்தில் எதிரெதிர்க் கட்டங்களாக நிறுத்தவும், நீருக்கு மேல் எவர் கண்ணுக்கும் தெரியாத அக்கோட்டையும், நீருக்கடியில் அதைக் கடந்து செல்லும் மீன்கூட்டத்தையும், மடி கடந்த தரையையும் ஒருசேரக் காட்டவும் வல்லது, சித்திரமும் சொல்லும் இணைந்து நெடுங்கதை சொல்லும் கிராபிக் நாவல். தீர்ப்புகள் ஒரு தரப்பை ஏற்றுத் தீரவேண்டியிருக்க, இக்கலை இரண்டையும் முடிவின்றி ஏந்தி நிற்க முடியும் என்பதே அதன் பெரும்பயன். நர்மதை அணைப் போராட்டத்தை ஒரிஜித் சென் 1994இல் ‘ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்’ என்று வரைந்தார். ஈழப்போரில் சிதைந்த குடும்பத்தின் கதையைப் பெஞ்சமின் டிக்ஸும் லிண்ட்சே பொல்லாக்கும் 2019இல் ‘வன்னி’ என்று நூலாக்கினர். பாக் நீரிணையும் அத்தகைய உழைப்புக்குத் தகுதியானது.

அதற்கான அச்சும் வாசகரும் வெகுதொலைவில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள சிவகாசியில் 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் முத்து காமிக்ஸும், 1984இல் லயன் காமிக்ஸும் தொடங்கின, பிறநாட்டுக் கிராபிக் நாவல்களும் அங்கிருந்து தமிழில் வருகின்றன. இம்மாவட்டத்து ஓவியரும் பதிப்பாளரும் இருகரை மீனவரையும் சட்டம் கற்றோரையும் அழைத்து, முதல் வரைவை அவர்களிடமே காட்டித் திருத்தி, அந்த ஆறு புள்ளிகளின் கதையைத் தமிழில் வரைய முன்வர வேண்டும்.