படுக்கையில் கிடப்பவரைப் பார்ப்பது யார் வேலை?

(உவரியில் நிகழ்த்திய பேச்சு)



உவரியில் ஒரு பக்கம் கடல். மறு பக்கம் தேரியும் பனையும். பனையேறி காலையில் வீட்டை விட்டுப் போனால், திரும்பி வருவது நிச்சயமில்லை. விழுந்து செத்தால் ஊர் கூடி அழுகிறது. முதுகெலும்பு முறிந்து, உயிர் மட்டும் தப்பினால்? ஒரு மாதம் ஜனங்கள் வந்து பார்ப்பார்கள். பிறகு அவர் மனைவி பாடு, மகள் பாடு. வாதத்தில் விழுந்த மில் தொழிலாளிக்கும், பிறவியிலேயே நடக்கமுடியாத குழந்தைக்கும் இதே கதிதான்.

அந்தப் பாடு என்ன என்று ஆண்களாகிய நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? முதுகுத்தண்டின் நரம்பு கெட்டால் அதற்குக் கீழே உணர்ச்சி இராது. ஒரே பக்கமாகக் கிடந்து உடம்பு அழுந்துவது அவருக்குத் தெரியாது. ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போகும். புட்டத்திலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். அது எலும்பு வரை குழியும். ஆகவே இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு தரம், நடு ராத்திரியும் சேர்த்து. மூத்திரம் தானாகக் கழியாதவருக்கு நான்கு முதல் ஆறு மணிக்கு ஒரு தரம் சுத்தமான கையோடு குழாய் போட்டு எடுக்க வேண்டும். தவறினால் சிறுநீரகம் கெடும்.

உலக யுத்தத்தின்போது முதுகு முறிந்த சிப்பாய்களைச் சாகப்போகிறவர்கள் என்றே டாக்டர்கள் கைவிட்டிருந்தார்கள். 1944ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் பொறுப்பேற்றார். அதிசய மருந்து எதுவும் அவரிடம் இல்லை. இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டச் செய்தார். மூத்திரப் பாதையில் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொண்டார். சிப்பாய்கள் பிழைத்தார்கள், உழைத்துச் சம்பாதிக்கவும் போனார்கள். அப்படியானால் நம்மூரில் படுக்கைப்புண்ணால் ஒருவர் சாவது தலைவிதியா? கை போதாமல் சாகிறார், ஐயா!

கை எங்கிருந்து வரும்? பீடி சுற்றுகிற, நாற்று நடுகிற பெண் இரண்டு மணிக்கு ஒரு தரம் வீட்டில் இருக்க வேண்டுமானால் அவள் கூலியும் போயிற்று. விழுந்தது ஒருவர், நின்றது இரண்டு கூலி. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்குத் தமிழக சர்க்கார் தரும் உதவித் தொகை 2023 ஜனவரியில் 2,000 ரூபாயாக உயர்ந்தது. நாளைக்கு 66 ரூபாய். பன்னிரண்டு தரம் புரட்டியவளுக்கு இதில் என்ன மிஞ்சும்? 2016ம் வருஷத்து ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், 24ம் பிரிவில், அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பவருக்கான படியும் வேண்டும் என்கிறது. இது தர்மமல்ல, வேலைக்குக் கூலி.

“ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடலாமே” என்பார்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியைப் பாருங்கள். அவ்வூர் எஸ். ராமகிருஷ்ணன் 1975ல் கடற்படை அதிகாரிகள் தேர்வின்போது விழுந்து கழுத்தில் அடிபட்டவர். கை கால் வராமல் போயிற்று. 1981ல் சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அங்கே பள்ளியும் சிகிச்சையும் உண்டு. ஆனால் ஊழியர்கள் கிராமம் கிராமமாக வீட்டுக்கே போய்த் தாய்மாருக்குப் பழக்கிக் கொடுப்பதைத்தான் நாம் முக்கியமாகக் கருதுகிறோம். இன்னொன்றும் கவனியுங்கள்: அத்தனையும் நடத்தியவர் பிறர் கையால் உண்டவர். படுத்திருப்பவரைக் கட்டை என்று நினைத்து, அவரைக் கேளாமலே எல்லாம் செய்கிறோமே, அது தப்பு.

மலப்புரத்தில் அக்கம்பக்கத்தார் சில்லறை சேர்த்து, முறை வைத்து, நோயாளிகளின் வீட்டுக்குப் போனார்கள். அது வளர்ந்தது, 2008ல் கேரள சர்க்கார் அதையொட்டிக் கொள்கை வகுத்தது. இப்போது பஞ்சாயத்துகள் நர்ஸை வீட்டுக்கு அனுப்புகின்றன. இங்கும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி சிகிச்சை தர ஏற்பாடு உண்டு. கேட்காத தெருவுக்கு அது வந்து சேராது.

ஆகையால் முறை வைப்போம். ஒரு வீட்டுக்கு நாலு பேர். பகலில் ஆளுக்கு இரண்டு மணி. அந்த அம்மாள் திசையன்விளைச் சந்தைக்குப் போய்வரட்டும், ஒரு மத்தியானம் தூங்கட்டும். சக்கர நாற்காலி இந்த மணலில் புதையும். வாசலிலிருந்து ரஸ்தா வரை சிமெண்டுப் பாதை கேட்டுப் பஞ்சாயத்துக்கு மனுக் கொடுப்போம். படுத்திருப்பவரையும் தூக்கிக்கொண்டே போவோம், அவர் பேசட்டும். (இனி யாராவது பனையிலிருந்து விழுந்தால் கையையும் காலையும் பிடித்துத் தூக்காதீர்கள். கதவுப் பலகையைக் கொண்டுவந்து, கழுத்தும் முதுகும் வளையாமல் கிடத்துங்கள். தூக்குகிற தூக்கிலேயே மிச்ச நரம்பும் போய்விடக் கூடும்.)

மேஜை மேல் ஒரு நோட்டு இருக்கிறது. எந்தத் தெருவில் யார் படுக்கையில், பார்ப்பது யார், எத்தனை வருஷமாக என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், நாம் எழுதிக்கொள்கிறோம்.