பழகுதலும் பழக்குதலும்



சென்ற தவணைப் பரீட்சையில் மாணவி ஒருத்தி யானையை வீட்டு மிருகங்களுள் ஒன்றாக எழுதியிருந்தாள். ஆசிரியர் அதனைப் பிழையெனக் கோடிட்டார். திருவிழாவிலே பாகன் சொற்கேட்டு முழந்தாளிடும் யானை எங்ஙனம் காட்டு மிருகமாகும் என்று அவள் என்னிடம் முறையிட்டாள். “அதைப் பழக்கியிருக்கிறார்களே, ஐயா!” என்றாள். உடனே விடை கூற என்னால் இயலவில்லை.

உருகு, உருக்கு என்பன போலப் பழகு என்பது தன்வினை. பழக்கு என்பது பிறவினை. யாழ்ப்பாணத்தார் பிள்ளைக்குச் சைக்கிள் பழக்குவர். நாம்பனுக்கு வண்டில் பழக்குவர். இளம் நாம்பனை முன்னரே பழகிய எருதுடன் ஒரே நுகத்திற் பூட்டி நடத்துவதைப் பலர் கண்டிருப்பீர்கள். அடக்குதல், வசக்குதல் என்னுஞ் சொற்களும் இவ்விடத்து வழங்குவனவே. ஆயினும் அவற்றில் ஆள்பவனுடைய வலிமையே தோன்றும். கயிறு தளர்ந்தால் அடக்கமுந் தளரும். பழக்குதலோ, அவ்விலங்கு தானே பழகினாலன்றி முற்றுப்பெறாது. இந்நயம் கருதியே அச்சொல்லை நான் விரும்புகிறேன்.

இனி யானைக்கு வருவோம். வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவின் ஆழமற்ற நீரைக் கடந்து குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, ஊர்காவற்றுறையிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இவ்வணிகத்தாற் பெரும்பொருள் ஈட்டினர். அவ்வளவு பழக்கியும், யானையினம் காட்டினமாகவே இருந்துவந்தது. பழகிய பிடி ஈன்ற கன்றையும் முதலிலிருந்தே பழக்கவேண்டும். தாயின் பழக்கம் கன்றின் குருதியில் இறங்குவதில்லை.

பசுவின் வரலாறு வேறு. மனிதன் சாதுவானவற்றைத் தெரிந்து, தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கியமையால் அதன் இயல்பே மாறிற்று. இம்மாற்றத்தைக் கண்முன் காண விரும்பிய உருசிய அறிஞர் பெலியாயெவ், 1959இல் சைபீரியாவிலே வெள்ளி நரிகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதருக்கு மிக அஞ்சாத குட்டிகளையே தெரிந்து இனம் பெருக்கினர். பத்துத் தலைமுறையளவில் வாலாட்டி மனிதரை நாடிவரும் நரிகள் தோன்றின. சிலவற்றின் காதுகள் நாய்க்குட்டியின் காதுகள் போல மடிந்து தொங்கின; வால்கள் சுருண்டன. காதை மடிக்க எவரும் பழக்கவில்லை என்பதைக் கவனிக்க.

ஆகவே பழக்குதல் ஓர் உயிரைப்பற்றியது. மற்றையது ஓர் இனத்தைப்பற்றியது. இரண்டையும் ஒரே சொல்லாற் கூறுவதே அம்மாணவியின் இடர்ப்பாட்டுக்குக் காரணம். பின்னையதைக் கொல்லைப்படுத்தல் என்று எழுதுவாரும் உளர். அச்சொல் என் செவிக்கு இனிக்கவில்லை. கொல்லைக்குப் போதல் என்பதற்கு நம்மூரில் உள்ள பொருளை நேயர்கள் அறிவீர்கள்! வீட்டினமாக்கல் எனலாமென்பது என் கருத்து. இனம் என்னுஞ் சொல் அதனுள்ளே நின்று வேற்றுமையைக் காட்டும்.

இவற்றையெல்லாம் கூறி, ஆசிரியரின் இசைவுடன் அவளுக்கு அரைப்புள்ளி பெற்றுக்கொடுத்தேன். மறுநாள் அவள் பூனையைப்பற்றிக் கேட்டாள். களஞ்சியத்து எலிகளை நாடித் தானாகவே மனிதர் குடியிருப்பை அணைந்த பிராணி அது என்று அறிஞர் கருதுவர். பூனை நம்மோடு பழகிற்று. பழக்கினார் எவருமிலர் என்றேன். அவ்வாறாயின் யார் யாரை வீட்டினமாக்கியது என்று கேட்டுவிட்டு, மணி அடிக்கவே வகுப்புக்கு ஓடிவிட்டாள்.