மாலை ஐந்து மணிக்கு மண்டபம் திறந்திருக்கட்டும்

(பங்கின் பொன்விழாப் பொதுக்கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

   

பொன்விழா மேடையில் பங்குத்தந்தை எழுந்தால், கோயில் எழும்பிய வரலாற்றைச் சொல்வார், உழைத்த முன்னோர்க்கு நன்றி கூறுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு முன் பேசியவர்கள் அந்தக் கடமையை நிறைவாகச் செய்துவிட்டார்கள். ஆகவே நான் ஒரு நாளின் இரண்டே மணி நேரத்தைப் பற்றிப் பேசுகிறேன். அது மாலை ஐந்து முதல் ஏழு வரை உள்ள நேரம்.

அந்த நேரத்தில் நம் கிளைக் கிராமத்துக் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள்? பள்ளி விட்டாயிற்று. நாற்றுப் பறிக்கவும், நடவுக்கும், களைக்கும் போன தாய் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். அறுவடை இயந்திரம் வந்தபின் வயலில் வேலை நாட்கள் குறைந்துவிட்டதால், தந்தை திருப்பூருக்கோ கேரளத்துக் கட்டட வேலைக்கோ போயிருப்பார். வீட்டில் படிப்புச் சொல்லித்தர யாரும் இல்லை. கூத்தாநல்லூர்க் கடைவீதியில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அதே நேரத்தில் டியூஷனுக்குப் போகிறார்கள். காலை முழுவதும் ஒரே மாதிரி பாடம் கேட்ட இரு குழந்தைகள் பிரிந்து போவது அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

இதை நாடே கண்ணாரக் கண்டது கொரோனாக் காலத்தில். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. கற்றதை மறந்துவிட்ட குழந்தைகளுக்காகத் தமிழக அரசு 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாலை வேளையில், அந்தந்தத் தெருவிலேயே, அந்த ஊர்த் தன்னார்வலர்களே கதையும் பாட்டும் விளையாட்டுமாகக் கற்பித்தார்கள். திட்டத்தை மக்களுக்கு எடுத்துச் சொல்லக் கலைக்குழுக்கள் ஊர் ஊராகச் சென்றன.

அதன் பலனைப் பொருளாதார அறிஞர்கள் தமிழகக் கிராமங்களில் அளந்து பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்திற்குள், இழந்த கற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறையக் கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. அதிகம் இழந்திருந்த ஏழைப் பிள்ளைகளே அதிகம் மீண்டார்கள். ஒரு மரத்தடி, ஒரு பாய், பக்கத்துத் தெருவில் படித்த ஒரு பெண், இவ்வளவுதான் மூலதனம்!

நம் மண்டபத்திலும் மாலை வகுப்பு தொடங்கினோம். முதல் சில மாதங்கள் அதை நடத்தியவன் நான். எப்படி நடத்தினேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். வாய்ப்பாடு, எழுத்துப் பயிற்சி, வாரத்தேர்வு. நேரம் தவறி வந்தவனுக்கு வாசலில் நிற்கும் தண்டனை. குருமடத்தில் நான் கற்ற ஒழுங்கை அப்படியே குழந்தைகள் தலையில் ஏற்றினேன்.

ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் நாள்தோறும் தாமதமாக வந்தான். கதவருகே உட்காருவான், வாயே திறக்க மாட்டான். ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். மறுநாள் முதல் வரவில்லை. பிறகு அறுவடையான வயலில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த அவனைக் கண்டேன். தங்கைக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்ததால்தான் தாமதம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பான், நான் கேட்கவில்லை.

அன்றிரவு புனித ஜான் போஸ்கோவின் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. 1841 டிசம்பர் 8. தூரின் நகரில் ஒரு கோயிலின் உடைமாற்றும் அறைக்குள் கொத்து வேலை செய்யும் அனாதைச் சிறுவன் ஒருவன் எட்டிப் பார்த்தான். பூசைக்கு உதவத் தெரியாதவன் என்று கோயிற்பணியாளர் அவனை அடித்து விரட்டினார். போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்தார். படிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்டார். எல்லாவற்றிற்கும் இல்லை என்றே பதில். கடைசியாக, சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்றார். சிறுவன் சிரித்துவிட்டான்! அந்தச் சிரிப்பிலிருந்து பிறந்தவைதான் அவருடைய இரவுப் பள்ளிகளும், வாத்தியக் குழுவும், நாடகமும். அவருடைய சலேசிய சபையினர் இந்தியாவில் முதன்முதலில் கால் பதித்ததும் நம் தஞ்சையில்தான், 1906-ஆம் ஆண்டில்.

நானும் அந்தச் சிறுவனிடம், “உனக்கு என்னப்பா தெரியும்?” என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. அருகிலிருந்த எண்ணெய் டின்னைக் கவிழ்த்து இரண்டு குச்சியால் அடிக்கத் தொடங்கினான். என் கால் தானாகத் தாளம் போட்டது. அவன் தகப்பனார் துக்க வீடுகளில் தப்பு அடிப்பவர்.

தப்புக் குழு ஒன்று அமைக்கலாம் என்றேன். அன்றிரவே இரண்டு பெரியவர்கள் அறை வாசலில் நின்றார்கள். “சாமி, கோயில் வளாகத்தில் அந்த மேளமா? சாவு மேளமாயிற்றே!” என்றார்கள். அவர்கள் நல்லவர்கள், கோயிலுக்காக உழைத்தவர்கள். ஆனால் அவர்கள் தள்ளி வைக்கச் சொன்னது மேளத்தை மட்டுமா என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் இரண்டு வாரம் வாய் திறக்கவில்லை. சமாதானம் காக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பயம்.

அந்தச் சிறுவன்தான் என் வாயைத் திறந்தான். “சாமி, செத்தால் மட்டும்தான் எங்க தப்பு வேணுமா?” என்று கேட்டான். இத்தனை ஆண்டு மறையுரை ஆற்றிய எனக்கு அதற்குப் பதில் இல்லை.

அடுத்த வாரம் மண்டபத்தின் முன் தீ மூட்டி, தப்பைக் காய்ச்சி, பிள்ளைகள் அடித்தார்கள். அன்று வாசலில் நின்ற பெரியவர்களில் ஒருவர் இன்று வாரம் ஒருமுறை சுண்டல் கொண்டுவருகிறார். மற்றவர் இன்னும் வரவில்லை; அவருக்காகக் காத்திருக்கிறோம்.

கலை வந்ததும் படிப்பு கெட்டுவிடவில்லை. மூன்று அடி, நான்கு அடி, அவற்றில் பாதி, கால் என்று தாளத்தைப் பிரித்தே நம் தன்னார்வல ஆசிரியை பின்னம் கற்பித்தார். நாடகத்தில் வசனம் வேண்டும் என்பதற்காகவே வாசிக்கக் கற்றவர்கள் உண்டு. அற்புதம் நடந்தது என்று சொல்லமாட்டேன். அந்தச் சிறுவனுக்கு ஆங்கிலம் இன்னும் தடுமாற்றம்தான். ஒன்பதாம் வகுப்பில் நன்றாகப் பாடிய ஒரு பெண் குழந்தையை நாங்கள் இழந்தோம். வீட்டுக் கடனுக்காக நூற்பாலைக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் அறிந்தபோது அவள் பேருந்து ஏறியிருந்தாள். மாலை வகுப்பு வறுமையைத் தீர்த்துவிடாது. ஆனால் ஒரு குழந்தை வராமற்போனால், ஏன் வரவில்லை என்று தேடிப்போக அங்கே ஆள் இருக்கும்.

சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்தது பக்கத்துத் திருவாரூரில். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து 1879-இல் தமிழின் முதல் நாவலை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். பெண் கல்விக்காக எழுதியவர், கீர்த்தனைகள் இயற்றியவர். இப்படிப்பட்ட மண்ணில் பிறந்தும், கலை தங்களுக்கு உரியதன்று என்று எண்ணி வளரும் பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கலாமா? கூத்தாநல்லூர் என்று ஊர்ப் பெயரிலேயே கூத்தை வைத்திருக்கிறோமே!

யூபிலி என்ற சொல்லுக்கு வேர், செம்மறிக் கடாவின் கொம்பைக் குறிக்கும் எபிரேயச் சொல். ஐம்பதாம் ஆண்டில் கொம்பு ஊதி, அடிமைக்கு விடுதலையும் இழந்தவனுக்கு நிலமும் அறிவிக்கச் சொல்கிறது லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரம். விடுதலையை அறிவிக்க ஆட்டின் கொம்பு ஏற்றதென்றால், மாட்டின் தோல் ஏற்காதா?

பொன்விழா நினைவாக வளைவு ஒன்று கட்ட நிதி சேர்த்திருக்கிறீர்கள். கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வளைவின் கீழே நுழைந்து வரப் பிள்ளைகள் வேண்டும். ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள். மாலை ஐந்து முதல் ஏழு வரை, திருமண வாடகை வந்தாலும், மண்டபத்தைப் பிள்ளைகளுக்கே விட்டுவையுங்கள். கல்லூரியில் படிக்கும் உங்கள் மக்களை வாரத்தில் இரண்டு மாலை எங்களுக்குத் தாருங்கள். முறை வைத்து ஒவ்வொரு வீட்டாரும் ஒரு நாள் சுண்டல் அவித்துத் தாருங்கள். பசித்த வயிற்றில் பாட்டும் ஏறாது, பாடமும் ஏறாது. நோட்டுப் புத்தகக் கவலை இல்லை. கூத்தாநல்லூர் இஸ்லாமிய சகோதரர் ஒருவர் தம் பெயரைச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுப்பி வருகிறார். நம் வகுப்பில் எந்தக் குழந்தையிடமும் தெருவும் கேட்பதில்லை, மதமும் கேட்பதில்லை.

என் பேச்சு முடிந்தது. மேடைக்குப் பின்னால் பிள்ளைகள் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். வாடை உங்களுக்கும் வரும். தயவுசெய்து யாரும் எழுந்து போகவேண்டாம். அவர்கள் அடித்து முடிக்கும் வரை அமர்ந்து கேளுங்கள். இந்த விழாவில் நான் உங்களிடம் கேட்கும் முதல் காணிக்கை அதுவே.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!