கூலி: கப்பலேறிய ஒரு சொல்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

சென்ற மாதம் நம் தெருப் பிள்ளை ஒருவன் உதவித்தொகை விண்ணப்பத்தோடு என்னிடம் வந்தான். ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ‘கூலி’ என்று எழுதியிருந்தான். உடன் படிப்பவர்கள் அதைக் கண்டு நகைத்தார்களாம். “அப்பா கூலி வேலைக்குத்தானே போகிறார், ஐயா? வேறென்ன எழுதுவது?” என்று கேட்டான். அக்கேள்வியே இவ்வுரைக்குக் காரணம்.

கூலி நம் பழஞ்சொல். உழைப்புக்கு ஈடாகத் தரப்படுவது என்பதே அதன் பொருள். வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், ஊழையும் எதிர்த்து நிற்கும் உழைப்புக்கு உரிய பயனாகவே கூலியைக் காண்கிறார். அங்கே இழிவின் நிழல்கூட இல்லை. தானியத்தைக் குறிக்கும் ‘கூலம்’ என்னும் சொல்லோடு இதனை இணைத்துக் காட்டுவோரும் உளர். களத்தில் நெல்லாகவே கூலி அளக்கப்பட்ட நம் காவிரி நாட்டில் அக்கருத்து எவருக்கும் எளிதில் விளங்கும். மரக்காலைத் தலை தட்டி அளந்ததும், கருக்காயைக் கலந்து போட்டதும் நம் பாட்டிமார் மறக்காத செய்திகள்.

இச்சொல் ஆங்கிலத்துக்குச் சென்ற வழி குறித்து அறிஞர்களிடையே வழக்கு உண்டு. யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதி இரு வழிகளைக் கூறுகிறது. குஜராத்தில் வாழும் ‘கோலி’ என்னும் இனத்தாரின் பெயர் ஒன்று. நம் ‘கூலி’ மற்றொன்று. அவர்களுள் பர்னெல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகால் ஏடுகளுக்கு அட்டவணை வகுத்தவர். இரண்டு சொற்களும் துறைமுகங்களில் கலந்து ஒன்றாயின என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சீனரோ அவ்வொலியை, ‘கசப்பு’, ‘வலிமை’ எனப் பொருள்படும் தம் இரண்டு எழுத்துக்களால் எழுதினர்.

ஆனால் வழியைவிடப் பொருள் மாறிய விதமே நாம் கருதத்தக்கது. தமிழில் கூலி என்பது ஆளுக்குச் சேரவேண்டிய பொருள், வாங்குபவர் கூலியாள். ஆங்கிலத்திலோ ஆளே கூலி ஆனான். கொடுக்கவேண்டியதைக் குறைத்துக்கொண்டு, அதன் பெயரை மட்டும் வாங்குபவன் தலையில் ஏற்றிவிட்டார்கள்!

1834 முதல் மொரீசியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் கப்பலேற்றப்பட்டனர். நாகப்பட்டினத்திலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குச் சென்றவர்களில் நம்மவர் மிகப் பலர். மலாயாவுக்கான ஒப்பந்த முறை 1910இல் நின்றது. கங்காணி முறை தொடர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் தொழிலாளி மட்டுமன்றி எல்லா இந்தியரும் ‘கூலி’ எனப்பட்டனர். காந்தியடிகள் அங்கே ‘கூலி பாரிஸ்டர்’ என்றழைக்கப்பட்டதை அவரே எழுதியிருக்கிறார். பாரிஸ்டருக்கு இப்பெயர் சுட்டது, உலகுக்குத் தெரிந்தது. முதலாளியால் பல் உடைபட்டு அவரிடம் வந்த பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளிக்கு அது எத்தனை காலம் சுட்டிருக்கும்!

இங்கே நம் வயல்களின் கதை வேறு. அடிமை முறையைச் சட்டம் ஏற்பதில்லை என 1843இல் அறிவித்த பின்னரும் நம் முன்னோர் பண்ணையாட்களாகவே இருந்தனர். கடன் ஒரு விலங்கு; குடிசை நின்ற மண் மற்றொரு விலங்கு. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனைகள். பண்ணையாளுக்குக் கூலி என்று பேரம் பேசவே வாய் கிடையாது. ஆகவே, உலகெங்கும் இழிசொல்லாகிவிட்ட ‘கூலி’, கீழத்தஞ்சையில் ஒரு படி ஏற்றமாக இருந்தது என்று நான் சொன்னால் வியப்படையாதீர்கள். “இவ்வளவு வேலைக்கு இவ்வளவு நெல்” என்று கேட்பவன் பண்ணையாள் அல்லன். 1940களில் பி. சீனிவாசராவ் போன்றோர் சங்கம் கட்டியதும், 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அந்தக் கேள்வியின் பயனே.

அக்கேள்விக்குக் கொடுத்த விலையும் நீங்கள் அறிந்ததே. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட கூலிப் போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் முதியோருமே அவர்களில் பெரும்பாலோர். அடுத்த ஆண்டு பிறந்த சட்டத்தின் பெயரில் ‘நியாயக்கூலி’ என்ற சொல் இருக்கிறது.

இன்று மொரீசியசின் ‘கூலி காட்’ என்னும் படித்துறை ‘ஆப்ரவாசி காட்’ எனப் பெயர் மாறி, 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நம் இரயில்வேயும் சுமைதூக்குவோரை ‘சகாயக்’ என அழைக்கப்போவதாக 2016இல் அறிவித்தது. பெயர் மாற்றம் நன்றே. சுமையின் கூலியையும் உடன் மாற்றியிருந்தால் இன்னும் நன்று. மறுபுறம், கயானாவுக்குச் சென்ற ஒப்பந்தப் பெண்ணின் கொள்ளுப்பேத்தியான கையூத்ரா பகதூர், 2013இல் தம் நூலுக்குக் ‘கூலிப் பெண்’ என்றே பெயரிட்டார். அந்தச் சொல்லை மறைக்க அவர் விரும்பவில்லை.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான்: “தம்பி, உன் தந்தை வாங்குவது கூலி; அவர் கூலி அல்லர். ஆங்கிலத்தில் ‘விவசாயத் தொழிலாளர்’ என்பதற்குரிய சொல்லை எழுது.” எழுதினான். அடுத்த கட்டத்தில் ‘ஆண்டு வருமானம்’ என்றிருந்தது. நடவு எத்தனை நாள், அறுப்பு எத்தனை நாள், ஆற்றில் தண்ணீர் வராத மாதங்கள் எத்தனை என்று இருவரும் விரல்விட்டு எண்ணத் தொடங்கினோம்.