முந்திரித் தோப்பில் ஒரு வண்ணப் பெட்டி

பண்ருட்டியில் கும்பகோணம் பஸ் பிடித்து ஜன்னலோரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். திருவதிகைக் கோயிலைப் பற்றியோ நெய்வேலிச் சுரங்கத்தைப் பற்றியோ இன்றைக்கு நான் பேசப்போவதில்லை. அதெல்லாம் நீங்கள் போய்ப் பார்த்த இடங்கள். நெய்வேலி ஆர்ச் கேட் வருவதற்கு முன்னாலேயே இறங்கிவிடலாம். காடாம்புலியூர். சாலையோரம் பூராவும் பலாப்பழக் கடை, முந்திரிப்பருப்புக் கடை. ஒரு சுளை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, கடைக்குப் பின்னால் போகும் செம்மண் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் முந்திரித் தோப்பு வந்துவிடும். சித்திரை வெயிலானாலும் மரத்தடியில் நல்ல நிழல் இருக்கும். கிளைகள் தாழ்ந்து பரந்து கிடப்பதால் ஏறி உட்கார ஏணி வேண்டாம்.

ஏன் இந்தத் தோப்புக்குக் கூட்டி வந்தேன் என்று கேட்பீர்கள். போன வாரம் சென்னையிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். பையன் எட்டாம் வகுப்பு போகிறான், லீவில் ஏதாவது நல்ல முகாம் இருந்தால் சொல்லுங்க மாமா என்றாள். யோசித்துப் பாருங்கள். கோடை முகாம் என்றாலே சின்னப் பிள்ளைகளுக்குத்தான். பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஆகிவிட்டால் கம்ப்யூட்டர் வகுப்பு, இல்லாவிட்டால் நீட் பரீட்சைக்கு இப்போதே அஸ்திவாரம் போடுகிற வகுப்பு. ஒரு மரத்தடியில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்க்கிற பொறுமை வருவதே அந்த வயதில்தான்! அப்போது பார்த்து உள்ளே அடைத்துவிடுகிறோம்.

நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 16 வயது வரைக்கும் சேரலாம். பாட்டு, பரதம், ஓவியம், சிலம்பம் எல்லாம் உண்டு. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் கைவினை, வண்டலூர் பூங்காவில் விலங்குகள். நம் பக்கத்திலேயே ஆரோவில் தாவரவியல் பூங்கா இருக்கிறது. 2000இல் 50 ஏக்கரில் தொடங்கினார்கள். நம் கடற்கரைப் பக்கத்துக்கே உரிய பழைய காட்டு மரங்களை அங்கே மறுபடி வளர்க்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லியும் தருகிறார்கள். அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். சொல்லும்போதே மனசு மட்டும் காடாம்புலியூர்த் தோப்புக்கு ஓடிவிட்டது. பெரிய பிள்ளைகளை இங்கேயே உட்காரவைத்துப் படம் வரையச் சொன்னால் என்ன?

எந்தப் பிள்ளையிடமாவது முந்திரிப்பழம் வரையச் சொல்லுங்கள். முதலில் பழத்தைப் போட்டுவிட்டு, அப்புறம் அடியில் கொட்டையை ஒட்டவைக்கும். மரத்தில் நடப்பது தலைகீழ். பூ உதிர்ந்ததும் முதலில் வருவது கொட்டை. பச்சையாக, சின்னக் காது மாதிரி தொங்கும். அது முழு அளவுக்கு வளர்ந்த பிறகுதான் மேலே இருக்கிற காம்பு வீங்க ஆரம்பிக்கும். மஞ்சளாகவோ சிவப்பாகவோ நாம் கடித்துச் சாப்பிடுகிறோமே, அந்தப் பழம் வீங்கிய காம்புதான். தாவரவியல் கணக்கில் கொட்டைதான் கனி. ஒரே கொத்தில் பூ, பிஞ்சு, கொட்டை, பழம் நான்கும் இருக்கும். அந்தக் கொத்து ஒன்றைப் பார்த்துப் பென்சிலில் வரைந்து முடித்த பையனுக்குப் பாடப் புத்தகம் வேண்டாம்.

பலாவும் அப்படித்தான். மேல்தோலில் முள் முள்ளாகப் புள்ளி வைத்துவிட்டு வரைந்தாயிற்று என்பார்கள். ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. நூற்றுக்கணக்கான பூக்கள் சேர்ந்து ஒட்டி ஒரே பழமானதுதான் பலா. இதைத் தெரிந்துகொண்டு வரைகிற கை வேறு மாதிரி வரையும்.

முந்திரி நம்மூர் மரமில்லை, தெரியுமல்லவா? பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டு வந்தது. இன்றைக்கு அதைத் தள்ளிவிட்டு இந்தச் செம்மண்ணை நினைக்கவே முடியவில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையேறியபோது கடலூர் மாவட்டத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை இந்தப் பக்கத்து நேயர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இப்போது நிற்பவற்றில் பாதிக்கு மேல் அதற்குப் பிறகு நட்ட ஒட்டுக் கன்றாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, படம் வரைய வண்ணம்? கடையில் வாங்கவே வேண்டாம் என்பேன். காலடியில் செம்மண். தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, தெளியவைத்தால் அடியில் மாவு போலப் படியும். அதுதான் சிவப்பு. மஞ்சளுக்குப் பலாமரத்து வைரம். தச்சுப் பட்டறையில் கிடக்கும் பலாத்தூளைக் கொதிக்கவைத்தால் மஞ்சள் சாயம் இறங்கும். இலங்கையிலும் பர்மாவிலும் புத்த பிக்குகளின் துவராடைக்கு இந்தச் சாயத்தைத்தான் ஏற்றினார்கள். பழுப்பு நிறத்துக்கு இருக்கவே இருக்கிறது நெய்வேலி. பழுப்பு நிலக்கரித் துண்டு ஒன்றை உற்றுப் பாருங்கள், சிலவற்றில் மரத்தின் ரேகை அப்படியே தெரியும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் காடாக நின்ற மரம் அது. காகிதத்தில் தேய்த்தால் பழுப்புக் கோடு விழும். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஐரோப்பிய ஓவியர்கள் இதே வகைப் பழுப்பு நிலக்கரியை அரைத்துத்தான் ஒரு காலத்தில் வண்ணம் செய்தார்கள். பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் வான் டைக்கின் பெயரால் அந்த நிறத்தை இன்றும் விற்கிறார்கள். நாம் அதை எரித்துக் கரண்டு எடுத்துக்கொண்டிருக்கிறோம்!

வண்ணம் காகிதத்தில் ஒட்ட வேண்டுமே. முந்திரி மரத்திலேயே பிசின் வடிகிறது. ஊறவைத்துக் கலந்தால் போதும்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. பச்சைக் கொட்டையை உடைக்கவோ கடிக்கவோ விடக்கூடாது. ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் பட்ட இடம் வெந்துவிடும். வார்னிஷுக்கும் வண்டி பிரேக்குக்கும் போகிற எண்ணெய் அது. இங்கே கொட்டை உடைக்கும் பெண்களைப் பாருங்கள், கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு இதைச் சொல்லிக் காவல் இருக்க முடியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு தடவை சொன்னால் போதும். இந்தத் தோப்பு பெரிய பிள்ளைகளுக்கானது என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் சிறுவனாக இருந்தபோது தோப்புக்குள் நுழைய ஒரே சட்டம்தான். பழத்தைத் தின்னலாம், கொட்டையைத் திருகி மரத்தடியில் போட்டுவிட வேண்டும். கையில் ஒரு பொட்டலம் உப்பு வைத்திருப்போம். உப்பில்லாமல் தின்றால் தொண்டை கரகரத்து ராத்திரி பூராவும் இருமல்தான். தோப்புக் காவல்காரத் தாத்தா திட்டுவார், ஆனால் விரட்டமாட்டார்.

தோப்பு வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொட்டை பொறுக்கி முடிகிற சமயம், மே மாதக் கடைசியில், காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை, ஒரு நாள் மட்டும் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தோப்பைத் திறந்துவிடுங்கள். ஓவிய ஆசிரியர் ஒருவர், பருப்பு ஆலையில் வேலை செய்த அக்கா ஒருவர், ஒரு கட்டுக் காகிதம், குடிக்கத் தண்ணீர், வேறொன்றும் தேவைப்படாது. பெற்றோர்களே, பிள்ளைகளுக்குப் பழைய சட்டையாகப் போட்டு அனுப்புங்கள். முந்திரிப்பழக் கறை எந்த சோப்புக்கும் போகாது.