சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்

லுமுட் என்றாலே நம்மில் பலருக்கு பங்கோர் ஃபெர்ரிதான் ஞாபகத்துக்கு வரும். அதே லுமுட்டில்தான் நம் கடற்படைத் தளமும் இருக்கிறது. அங்குள்ள பயிற்சிப் பாய்க்கப்பலின் பெயர் துனாஸ் சமுத்திரா. இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட்டில் கட்டி, 1989இல் நமக்கு வந்தது.

இரண்டு பாய்மரம், குறுக்குக் கட்டைகள், பாய், கயிறு என்று அத்தனை சுமையையும் உயரத்தில் ஏற்றிக்கொண்டு இப்படி ஒரு கப்பல் காற்றில் எப்படிக் கவிழாமல் போகிறது?

கப்பல் ஒரு பக்கம் சாயும்போது, தண்ணீருக்குள் இருக்கும் அதன் வடிவம் மாறுகிறது. தண்ணீர் மேலே தள்ளும் புள்ளி சாய்ந்த பக்கத்துக்கு நகர்கிறது. எடை கீழே இழுக்கும் புள்ளி, அதாவது ஈர்ப்பு மையம், இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் கப்பலை நிமிர்த்துகின்றன. ஈர்ப்பு மையம் மேலே ஏற ஏற, நிமிர்த்தும் பலம் குறையும்.

தள்ளும் புள்ளியை வரைபடத்திலிருந்தே கணக்கிட்டுவிடலாம். ஈர்ப்பு மையம் அப்படிச் சிக்காது. இன்ஜின், நங்கூரச் சங்கிலி, ஒயர், பெயிண்ட் என்று ஒவ்வொன்றின் எடையையும் உயரத்தையும் பட்டியல் போட்டாலும், கட்டி முடித்த படகு அந்தப் பட்டியலைப் போல இருப்பதில்லை. அதனால் படகையே சாய்த்துப் பார்க்கிறார்கள்.

காற்றில்லாத நேரம், கரையோடு கட்டிய கயிறுகள் தளர்வாக. உள்ளே ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, குண்டு ஆடாதிருக்க அதை எண்ணெய் வாளியில் மூழ்கவைப்பார்கள். 10 டன் படகு என்று வைத்துக்கொள்வோம். 200 கிலோ எடையை 2 மீட்டர் குறுக்கே நகர்த்துகிறோம். 2 மீட்டர் நூல் 8 சென்டிமீட்டர் விலகினால், ஈர்ப்பு மையத்துக்கும் அதற்கு மேலே உள்ள மெட்டாசென்டர் என்ற புள்ளிக்கும் இடைவெளி 1 மீட்டர். மெட்டாசென்டரின் உயரம் வரைபடத்தில் கிடைத்துவிடும். அதில் 1 மீட்டரைக் கழித்தால் ஈர்ப்பு மையம். இவ்வளவுதான். பிரான்சின் பியர் பூகே 1746இலேயே எழுதிவைத்த விஷயம்!

இந்தச் சோதனையின்போது தண்ணீர்த் தொட்டிகள் முழுக்க நிரம்பியிருக்க வேண்டும், அல்லது காலியாக இருக்க வேண்டும். ரப்பர் தோட்டத்தில் காண்டா கம்பில் பால் வாளி சுமந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரை வாளிப் பால்தான் தளும்பி ஆளையே இழுக்கும்.

1870இல் ‘கேப்டன்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கும் இந்தச் சோதனை நடந்தது. திட்டமிட்டதைவிட எடை கூடிப்போய், தண்ணீரில் தாழ்ந்து மிதந்த கப்பல் அது. கணக்குப் போட்டு முடித்தபோது கப்பல் கடலுக்குப் போயிருந்தது. செப்டம்பர் 7ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு, ஸ்பெயின் கடற்கரைக்கு அப்பால் கவிழ்ந்தது. ஏறத்தாழ 480 பேர் இறந்தார்கள். வடிவமைத்த கௌப்பர் கோல்ஸும் அவர்களில் ஒருவர். கடலில் காற்று பலமாக இருந்தது உண்மைதான். ஆனால் பழியை முழுக்கக் காற்றின் மேல் போட முடியாது என்பேன்.

இன்னொன்று. தூக்குக்குண்டு சொல்வது சிறு சாய்வைப் பற்றி மட்டும். எவ்வளவு சாய்ந்தால் படகு திரும்பி எழாது என்பதற்குத் தனிக் கணக்கு உண்டு. 1979இல் பிரிட்டனின் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் புயல் அடித்து 15 போட்டியாளர்கள் இறந்த பிறகுதான் உல்லாசப் பாய்ப்படகுக்காரர்கள் இந்தக் கணக்கில் கவனம் வைத்தார்கள். இன்று ஐஎஸ்ஓ 12217இன் இரண்டாம் பகுதி, 6 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள பாய்ப்படகுகளுக்கு இதை வரையறுக்கிறது.

நம் மலாக்கா நீரிணையில் பெரும் புயல் அபூர்வம். ஆனால் விடியலுக்கு முன் திடீரென்று வீசும் சுமத்திராக் காற்றைப் படகுக்காரர்கள் அறிவார்கள். ராஜா மூடா சிலாங்கூர் பந்தயப் படகுகள் கிள்ளானிலிருந்து பங்கோர் வழியாகப் போவதும் இந்தத் தண்ணீரில்தான்.

ஆகவே நேயர்களே, பழைய பாய்ப்படகு வாங்க எண்ணம் இருந்தால், இன்ஜினைக் கேட்பதற்கு முன் அதன் சமநிலைக் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். பாய்மரத்தை மாற்றியிருந்தாலோ, உச்சியில் ராடார் ஏற்றியிருந்தாலோ அந்தப் பழைய கணக்கு செல்லாது. மறுபடி சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.