திருநங்கைப் பிள்ளைக்கும் வேலை உரிமை உண்டு

(கிள்ளானில் தொழிலாளர் குடும்பங்களிடையே வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



"மாண்டரின் பேசுபவர்கள் மட்டும்" என்று வேலை விளம்பரத்தில் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வருகிறது. திறமையைப் பார்க்காமல் பிறப்பைப் பார்க்கிறார்களே என்று கொதிக்கிறீர்கள். அது நியாயமான கோபம். அதே நியாயத்தை நம் வீட்டுத் திருநங்கைக்கும், ஒருபால் ஈர்ப்புள்ள மகனுக்கும் மகளுக்கும் நாம் தருகிறோமா?

நம் அடையாளக் கார்டின் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். நேர்முகத் தேர்வில் கார்டை நீட்டிய உடனே திருநங்கையின் படிப்பும் அனுபவமும் மறைந்துபோகின்றன. எண் மட்டும்தான் தெரிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 8(2) பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் ஆகியவற்றால் பாகுபாடு கூடாது என்கிறது. 2001-இல் பாலினமும் சேர்க்கப்பட்டது. ஆனால் கர்ப்பமானதால் வேலை இழந்த விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில், இந்தப் பாதுகாப்பு அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியை அல்ல என்று கூட்டரசு நீதிமன்றம் 2005-இல் கூறிவிட்டது. இனத்தால் ஒதுக்கப்படும் தமிழனும் திருநங்கையும் விழுவது ஒரே ஓட்டையில்தான்.

1.1.2023 முதல் வேலைச் சட்டத்தில் 69எஃப் பிரிவு வந்துள்ளது. வேலையிடப் பாகுபாடு பற்றிய புகாரைத் தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். அந்த உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். ஆனால் பாகுபாடு என்றால் என்ன என்று சட்டம் விளக்கவில்லை. வேலை தேடுபவருக்கும் அதில் இடமில்லை.

"377ஏ இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். அது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தின் வாரிசு. அது ஒரு செயலைப் பற்றியது. ஒருவரை வேலையிலிருந்து விரட்டச் சொல்லும் சட்டம் அல்ல.

ஆகவே மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். கேலிக்கும் வசைக்கும் ஒழுங்கு நடவடிக்கை வேண்டும். பெயர் அட்டையில் அவர் விரும்பும் பெயர் இருக்கட்டும். அடையாளக் கார்டு விவரம் எல்லார் கைக்கும் போகக்கூடாது. பயமில்லாமல் போகக் கழிப்பறை வேண்டும். தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் இதைக் கூட்டத்தில் எழுப்புங்கள்.

வேலையை விட்டு நீக்கினால் 60 நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் புகார் செய்யுங்கள். 61-ஆம் நாள் வந்து என்னிடம் அழுது பயனில்லை. கடிதம், வாட்ஸ்அப் செய்தி, சம்பளச் சீட்டு எதையும் அழிக்காதீர்கள். "நீயே ராஜினாமா எழுதிக் கொடு" என்று சொன்னால், ஆலோசனை கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். 2017-இல் கொச்சி மெட்ரோ ரயில் நிறுவனம் திருநங்கைகள் உள்பட 23 திருநர்களுக்கு வேலை கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் தங்குவதற்கு யாரும் வீடு தராததால் சில நாட்களிலேயே சிலர் வேலையை விட்டனர். நிறுவனம் கதவைத் திறந்தது, ஊர் மூடிவிட்டது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாடகைக்கு அறை விடுபவர்கள் நம்மவர்களும்தானே?

பாகுபாட்டுக்குச் சட்டத்தில் தெளிவான விளக்கம் வேண்டும், வேலை தேடுபவருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று நாம் குரல் கொடுக்கிறோம். அந்தக் குரலில் திருநங்கையின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம்மில் ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு, நமக்கு மட்டும் சமத்துவம் கேட்க முடியாது.